புள்ளியை முதலில் அடிக்கும் இயந்திரம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தமிழ் டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களில் வேகமாக அடிப்பவள் நான்தான் என்று கோர்ட் பக்கமும் தாலுகா ஆபீஸ் பக்கமும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா மல்லிகை போட்டிருந்தார். காலையில் பூக்கூடைகள் ஏறிவரும் பஸ்ஸில்தான் நானும் வருவேன். இறங்கும்போது என் சேலையில் மல்லிகை வாசம் இருக்கும், சாயங்காலம் திரும்பும்போது ரிப்பன் மை வாசம் இருக்கும்.

நான் டைப் கற்றுக்கொண்ட இன்ஸ்டிடியூட்டிலேயே எனக்கு டீச்சர் வேலையும் கிடைத்திருந்தது. கடைவீதியில் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே மாடியில் அது நடந்தது. கீழே பூட்டுக்காரர்கள் அரம் போடும் சத்தம், மேலே எங்கள் சத்தம். நடத்தியவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். பேகம்பூர்க்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் தோல் வியாபாரத்தில் இருந்தார்கள். இவருக்கு மட்டும் பச்சைத் தோல் வாடை ஆகவில்லை. “எனக்கு மூக்கு ஒத்துழைக்கல. அதான் காதை நம்பித் தொழில் ஆரம்பிச்சேன்” என்பார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை. மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டே, தலை நிமிராமல், “ஜன்னலோரத்து மெஷின், ஒத்தை விரலால குத்தாதே” என்று குரல் கொடுப்பார். ஜன்னலோரத்தில் யாரோ நிஜமாகவே ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருப்பார்கள்.

தெருப்பக்கம் வரிசையாக இங்கிலீஷ் மெஷின்கள். உள்பக்கச் சுவரோரம் மூன்று தமிழ் மெஷின்கள். மூன்றும் ஒரே வெளிநாட்டுக் கம்பெனி செய்தவை, பழைய மாதிரி. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துகளை எந்தச் சாவியில் வைப்பது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. எங்கள் மெஷின்களில் புள்ளி வைப்பது ஒரு தனி வேலை. ‘க்’ வேண்டுமென்றால் முதலில் ‘க’ அடிக்க வேண்டும். தாளைத் தாங்கும் மேல் வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும். அதைப் பின்னுக்கு ஒரு தட்டு தட்டி அதே இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு புள்ளி அடிக்க வேண்டும். தமிழில் எத்தனை புள்ளி! ஒரு பக்கம் முடிப்பதற்குள் பின்னுக்குத் தட்டும் சுண்டுவிரல் வீங்கிப்போகும். ஆனால் அது மெஷினின் கோளாறு என்று எனக்குத் தெரியாது. டைப் அடிப்பது என்றாலே விரல் வலிப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது, அரசாங்கப் பரீட்சை இனிமேல் ஒரே மாதிரியான பொதுச் சாவிப் பலகையில்தான் நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. கொஞ்ச காலத்துக்குப் பழையதிலும் எழுதலாம், பிறகு முடியாது. அறிவிப்பு வந்த சூட்டோடு மதுரையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் புது மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். “வச்சுப் பாருங்க சார், பிடிச்சா எடுத்துக்குங்க” என்று வைத்துவிட்டுப் போனார்.

பளபளவென்று இருந்தது. சார் என்னைப் பார்த்தார். மாணவர்கள் எல்லோரும் தங்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். தாளைச் சொருகி, தினமும் கை சூடாக நான் அடிக்கும் வரியை அடித்தேன். ‘நல்ல மழை பெய்தால் கண்மாய் நிறையும்.’ கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் வரி அது.

தாளில் வந்தது தமிழ் இல்லை. எழுத்துகள் இடம் மாறி இருந்தது ஒரு பக்கம். இன்னொரு கோளாறு அதைவிடப் பெரியது. இந்த மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டுமாம். அடித்தால் வண்டி நகராது, காத்திருக்கும். பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். நான் என் வழக்கப்படி எழுத்தை அடித்து, பின்னுக்குத் தட்டி, புள்ளி வைத்தேன். வண்டி அங்கேயே நின்றது. அடுத்த எழுத்து முந்தின எழுத்தின் தலைமேல் ஏறிக்கொண்டது. ஒரே வரியில் அங்கங்கே இரண்டிரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிரை ஏறியிருந்தன.

சார் தாளை உருவி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்னம்மா இது, மலையாளமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது. மெஷினுக்கு உறையை மாட்டிவிட்டு, “இது நமக்கு வேணாம் சார்” என்றேன்.

வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. வெறும் வீம்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் தமிழ் மெஷின் வைத்திருந்த ஆபீஸ்கள், வக்கீல்கள் எல்லோரிடமும் இருந்தது பழைய மாதிரிதான். எங்களிடம் கற்றுக்கொண்டு போகிறவர்கள் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். புதுசில் பழகிவிட்டுப் பழசின் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? இதையே வக்கீல் குமாஸ்தா ஒருவரும் சொன்னார். ஐம்பது தாண்டியவர். தன் ஆபீஸில் வேலை குவிந்தால் மிச்சத்தை எங்களிடம் கொண்டுவந்து அடித்துப் போவார். சாருக்குப் பழைய சிநேகிதர். “பாய், ஓடுற மெஷினை எதுக்கு நிறுத்தணும்? இது இன்னும் பத்து வருசம் மாடு மாதிரி உழைக்கும்” என்றார். சார் “அது சரிதான்” என்று தலையாட்டினார். பரீட்சைக்காரப் பையன்கள் வந்து, “சார், பரீட்சை புதுசுலதானே” என்றபோது அதற்கும் “அது சரிதான்” என்று தலையாட்டினார். புது மெஷின் உறையோடு மூலையில் கிடந்தது.

அந்த உறையை எடுத்தது ஒரு பஸ்ஸின் நேரம்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு அக்கா சேர வந்தார். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர். கல்யாணத்துக்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தார். வீட்டுக்காரர் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். சின்னப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் இப்போது ஏதாவது ஒரு உத்தியோகத்துக்குத் தயார் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர் பஸ் பிடித்து வந்தால் பத்து மணிக்கு மேலாகிவிடும். அந்த நேரத்தில் பழைய மெஷின்கள் மூன்றிலும் ஆள் இருக்கும்.

“வேற நேரத்துக்கு வர முடியுமாக்கா?” என்று கேட்டேன்.

“முடியாதுங்க டீச்சர். மூணு மணிக்குப் புள்ளைக வந்துருங்க. அந்த மூலையில ஒண்ணு சும்மாத்தானுங்க இருக்குது?”

“அது புதுசுக்கா. வேற மாதிரி.”

“எனக்கு எல்லாமே வேற மாதிரிதானுங்க” என்று சிரித்துக்கொண்டே போய் உறையை எடுத்துவிட்டார்.

புது மெஷினோடு வந்த எழுத்து வரிசைப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். படத்தைப் பார்த்து நான் சொல்வேன், அவர் அடிப்பார். இடது கைக்கு ய, ள, ன, க. வலது கைக்கு அந்தப் பக்கத்து எழுத்துகள். ஒரு வாரத்துக்குள் அவர் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியை முதலில் அடிக்க வேண்டும் என்று சொன்னபோது, அது எப்படி அக்கா தலைகீழாக இருக்கிறதே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அவர் “அப்படிங்களா” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே அடித்தார். தலைகீழ் என்று தோன்றுவதற்கு அவருக்கு நேரான ஒன்று தெரியாதே.

இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. பரீட்சைக்குப் போகிறவர்கள் புது மெஷினுக்கு நேரம் கேட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பழையதே போதும் என்றார்கள். சார் யோசித்து, ரெண்டையும் நடத்துவோம், யாருக்கு எது வேணுமோ அதைக் கத்துக்கட்டும் என்று முடிவு செய்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. புதுசுக்கு நேரம் கிடைக்காதவர்கள் பழசில் உட்கார்ந்தார்கள், மறுநாள் புதுசில் உட்கார்ந்தார்கள். இரண்டு விரல் ஒரு பலகையை நினைத்தால் மற்ற விரல்கள் இன்னொன்றை நினைத்தன. ஒரு பையன் தன் பெயரையே தப்பாக அடித்துவிட்டு, தன்னுடையதுதானா என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரையும்விட அதிகமாகக் கெட்டது நான்தான். காலையில் பழசு, மத்தியானம் புதுசு, இடையில் வெளியாட்கள் கொடுக்கும் வேலைகள். சாரின் காதுக்கே குழப்பம். “இப்ப யாரு தப்பா அடிக்கிறதுன்னே தெரியலைம்மா. எல்லாருமே தப்பா அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

மனு விவகாரம் அப்போதுதான் நடந்தது.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் திண்டுக்கல்லுக்கு வேலையாக வந்தவர், எங்களிடம் ஒரு மனு அடிக்கக் கொடுத்தார். மண்டிக்குப் போகும் பாதை மழையில் குழியாகிக் கிடக்கிறது, லாரிகள் சேற்றில் மாட்டிக்கொள்கின்றன, தக்காளியும் கத்தரிக்காயும் அழுகுகின்றன, ஆகவே கலெக்டர் அவர்கள் தயவுசெய்து கப்பி போட்டுத் தர வேண்டும். நல்ல மனு. பழைய மெஷின்களில் ஆள் இருந்ததால் அக்காவை எழுப்பிவிட்டு நான் புதுசில் உட்கார்ந்தேன். புள்ளியில் ஏமாறக்கூடாது என்று புத்தி முழுவதையும் புள்ளியில் வைத்தேன். கண்ணை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதிப்படி கையெழுத்துத் தாளிலேயே வைத்தேன். டைப் ஆகும் தாளைப் பார்க்கவில்லை. ஒரு எழுத்து இன்னொன்றின்மேல் ஏறவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. திருப்தியாக உருவி, மடித்து, நீட்டினேன்.

அவர் மடித்ததை வாங்கிப் பிரித்துவிட்டார். அவசரமில்லாத மனிதர். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரத்தில் புருவம் ஏறியது.

“ஏனுங்க அம்மிணி, தக்காளி எப்பங்க தப்பாளி ஆச்சு?”

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பழைய பலகையில் ‘க’ இருந்த இடத்தில் புதியதில் ‘ப’ இருந்தது. என் விரல் புள்ளியை மட்டும் புது வழியில் வைத்துவிட்டு, ‘க’ வந்த இடத்தில் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருந்தது. கலெக்டர் பலெப்டர் ஆகியிருந்தார். கத்தரிக்காய் பத்தரிப்பாய். லாரிபள் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தன.

“பாய்பறி மண்டின்னு போட்டிருக்குதுங்க. பாயைப் பறிக்கச் சொல்லுதுங்களா?” என்று அவர் மெய்யாகவே கேட்டார்.

மேஜையிலிருந்து சார் எழுந்து வந்தார். மனுவை வாங்கி ஆரம்பத்திலிருந்து சத்தமாகப் படித்தார். ‘பாய்பறி வியாபாரிபள்’ என்ற இடத்தில் நிறுத்தி, “என்னைப் பறிக்கிறதுக்குக் கலெக்டர் வரைக்கும் போகணுமா? இங்கேயே கேட்டிருக்கலாமே!” என்றார். மண்டிக்காரர் தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு மட்டும் குலுங்கியது. நான் பழைய மெஷினில் இருந்த பையனை எழுப்பி விட்டுவிட்டு மனுவை மறுபடி அடித்துக் கொடுத்தேன். மண்டிக்காரர் அதை வாங்கிப் பையில் வைத்தார். தப்பாக அடித்த தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். “மண்டியில காட்டோணுமுங்க. சிரிச்சு நாளாச்சு” என்றார்.

அன்று மத்தியானம் மாணவர்கள் சாப்பிடப் போன பிறகு சார் என்னையும், வந்திருந்த குமாஸ்தாவையும், பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததுக்குக் காத்திருந்த அக்காவையும் உட்காரச் சொன்னார். கீழேயிருந்து டீ வந்தது.

“ரெண்டும் வேணாம். ரெண்டையும் வச்சுக்கிட்டு எல்லாரையும் கெடுத்துட்டோம். ஒண்ணுதான். எதுன்னு சொல்லுங்க” என்றார்.

குமாஸ்தா பழசு என்றார். நானும் பழசு என்றேன். ஆபீஸ்களில் இருப்பது அதுதான், எனக்குத் தெரிந்ததும் அதுதான், பரீட்சைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, அதற்குள் அரசாங்கமே மனசு மாறினாலும் மாறும் என்றேன்.

அக்காவைப் பார்த்தார் சார். “நான் என்னங்க சொல்றது. புதுசு ஒண்ணுதானுங்க எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறனுங்க. நாளைக்கு என்னையாட்டம் புதுசாச் சேர வர்றவங்களுக்கு, பரீட்சையில இல்லாததைச் சொல்லிக் குடுப்பீங்களா?”

குமாஸ்தா டீயை ஆற்றினார்.

சார் என் பக்கம் திரும்பினார். “மெஷினை மாத்துறது பெரிசில்லைம்மா. மெக்கானிக்கைக் கூப்பிட்டா எழுத்தைப் பிரிச்சு இடம் மாத்தி ஒட்டிக் குடுத்துருவான். உன்னை மாத்த முடியுமாங்கிறதுதான் எனக்குத் தெரியணும். நீ மாறலைன்னா சொல்லிக் குடுக்க ஆளு யாரு? ஒரு மாசம் பழைய மெஷின் பக்கமே போகாதே. புதுசுல மட்டும் உக்காரு. மாசக் கடைசியில பழைய வேகம் வந்துச்சுன்னா எல்லாத்தையும் மாத்திருவோம். வரலைன்னா புதுசைத் திருப்பி அனுப்பிட்டு நிம்மதியா இருப்போம்.”

சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். பழசே வேண்டும் என்றால் நான் சும்மா இருந்தாலே போதும். மெதுவாக அடித்தால் போதும். ஆனால் வேகமாக அடிப்பவள் என்று பெயர் வாங்கியவள், எல்லோரும் பார்க்க எப்படி மெதுவாக அடிப்பது? அந்தப் பெயரே என்னை மாட்டிவிட்டது.

மறுநாள் அக்காவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இருந்த ஒரு புது மெஷினை ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துக்கொண்டு, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். ய, ள, ன, க. ஒரு வரி, இரண்டு வரி, பக்கம் முழுக்க. பழைய மெஷின் மாணவர்களுக்கு நின்றுகொண்டே வாயால் பாடம் சொன்னேன், சாவியைத் தொடவில்லை. வெளி வேலைகளைக் குமாஸ்தாவே உட்கார்ந்து அடித்தார். “டீச்சர் பள்ளிக்கூடம் போறாங்க” என்று பையன்கள் கேலி பேசினார்கள். என் தாளையும் தன் தாளையும் அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அவருடையது மெதுவாக இருந்தாலும் சுத்தமாக இருக்கும். என்னுடையது வேகமாகப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கும்.

“டீச்சர், நீங்க அடிக்கறதுக்கு முன்னாலயே முடிச்சர்றீங்க” என்பார். “செத்த பொறுத்துத்தான் அடியுங்களேன்.”

பஸ்ஸில் மடியில் இருந்த பையின் மேல் அடித்தேன். வீட்டில் அம்மா பூத்தொடுக்க உட்கார்த்தி வைத்தால் மொட்டுகளின் மேல் அடித்தேன்.

“ஏன்டி, பூவைத் தொடுக்கிறியா, தவில் வாசிக்கிறியா?” என்று அம்மா கேட்டார்.

“புள்ளி வைக்கிறேம்மா.”

“அம்புட்டுப் புள்ளியையும் மொட்டுல வச்சா எவன் வாங்குவான்? கையை எடு.”

முதல் இரண்டு வாரம் கொடுமை. பழைய பலகையும் போய்விட்டது, புதுசும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் கழிப்பறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அக்கா தன் தூக்குச் சட்டியைத் திறந்து, கம்பஞ்சோற்றையும் கூட இருந்த வெஞ்சனத்தையும் பாதியாகப் பிரித்து வைத்தார். சாப்பிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து நடந்தது. சார் பேப்பரில் வந்த ஒரு மழைச் செய்தியைப் படிக்க, நான் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் கீழே பூட்டுக் கடையில் ஏதோ வாய்ச்சண்டை. என் காது அங்கே போய்விட்டது. யார் யாரை என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் திடுக்கிட்டுத் தாளைப் பார்த்தேன். நாலு வரி ஓடியிருந்தது. ஒரு பிழை இல்லை. புள்ளிகள் எல்லாம் எழுத்துகளுக்கு முன்னால் போய், தங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தன. ‘க’ எல்லாம் ‘க’வாகவே இருந்தன. நான் இல்லாத நேரத்தில் என் விரல்கள் குடிமாறிப் போயிருந்தன.

“அக்கா!” என்று கத்திவிட்டேன். என்னமோ ஏதோ என்று அவர் ஓடிவந்தார். தாளைக் காட்டினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “மதுரையில மழைங்களா?” என்றார்.

மாசக் கடைசியில் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சோதனை வைத்தார். குமாஸ்தாவும் வந்து உட்கார்ந்திருந்தார். அடித்து முடித்தேன். சார் எண்ணிப் பார்த்தார். பழைய வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிகமில்லை, ஆனால் குறைவுதான்.

“வரலைம்மா” என்றார் சார், வருத்தமா நிம்மதியா என்று தெரியாத குரலில். “சரி, சொன்ன வாக்குப்படி பழசே இருக்கட்டும்.”

குமாஸ்தா “நல்லது” என்றார்.

“இல்ல சார், மாத்திருவோம்” என்றேன் நான்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, ஜெயிச்சது உன் கட்சி. நீ எதுக்கு எதிர்க்கட்சியில பேசுற?”

என் வலது கையை நீட்டிக் காட்டினேன். “சுண்டுவிரல் வலிக்கலை சார். ஒரு மாசமா வலிக்கலை. பின்னாடி தட்டுற வேலையே இல்லை. வேகம் இன்னும் ஒரு மாசத்துல தானா வந்துரும். பிழை பாருங்க, எத்தனை இருக்கு?”

சார் தாளை மறுபடி பார்த்தார். சிவப்புப் பென்சில் தொட்ட இடமே இல்லை. குமாஸ்தா எட்டிப் பார்த்தார். பிறகு தன் சுண்டுவிரலைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

“பாய், அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்” என்றார் அவர். “ஆனா என்னைய விட்ருங்க. நான் ரிட்டயர் ஆகப்போற ஆளு. எனக்குப் பழசே போதும்.”

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். மாடியில் தரையில் பழைய சேலையை விரித்து, ஒரு மெஷினைக் குடல்வரை பிரித்துப் போட்டார். எழுத்து பொறித்த சின்ன ஈயத்துண்டு மாதிரியான அச்சுகளைச் சூடு வைத்து எடுத்து, படத்தைப் பார்த்து, இடம் மாற்றி ஒட்டினார். புள்ளி அடித்தால் வண்டி நகராமல் இருக்க ஒரு புது உறுப்பும் மாட்டினார். மாடி முழுக்கப் பற்றவைப்பு வாடை. சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். தோல் வாடையிலிருந்து தப்பி வந்தவருக்கு இங்கேயும் நிம்மதி இல்லை. இரண்டு மெஷின்கள் நன்றாக மாறின. மூன்றாவது மிகவும் தேய்ந்தது, புது உறுப்பைத் தாங்காது என்று மெக்கானிக் கையை விரித்தார். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்று குமாஸ்தா எடுத்துக்கொண்டார். “என் ஆபீஸ் மெஷினுக்கு எலும்பு ஒடைஞ்சா இதுல இருந்து எடுத்து மாட்டிக்குவேன்” என்றார். அவர் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்து ஓடின என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பரீட்சை வந்தது. அந்தக் காலத்தில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு மெஷினை நாமேதான் கொண்டுபோக வேண்டும். குதிரை வண்டியில் நானும் அக்காவும் ஆளுக்கொரு மெஷினை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அவர் லோயர் கிரேடு எழுதினார், நான் புதுப் பலகையில் மறுபடி ஹையர் கிரேடு எழுதினேன். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இருவரும் பிள்ளையை அணைப்பது போல மெஷினைக் கட்டிப்பிடித்தோம். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “பாத்து உக்காருங்க தாயி, குதிரை பயந்துரும்” என்றார். குலுக்கலில் மெஷினுக்குள் இருக்கும் மணி அடித்துவிடுமோ என்று பயம் அவருக்கு.

இருவரும் தேறினோம். சார் எல்லோருக்கும் தம்ரூட் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

சில மாதங்களில் அக்காவுக்குப் பழனிப் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு ஊரெல்லாம் சொன்னாராம். வேலையில் சேர்ந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, அக்கா மாடிப்படி ஏறி வந்தார். ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“டீச்சர், அங்க என்ன மெஷின் இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. “பழசாக்கா?”

“பழசேதானுங்க! உங்க பழைய மெஷினாட்டமே இருக்குது. முதநாள் ஒரு தபால் அடிச்சனுங்க. மேனேஜர் பாத்துட்டு இது எந்த ஊர் பாஷைன்னு கேட்டுட்டார்.”

சார் எழுந்து வந்துவிட்டார். எங்களால் அந்த அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் யோசித்து, வாதாடி, சோதனை வைத்து, மெஷினைப் பிரித்து மாட்டி, கடைசியில் முதல் ஆளே பழசின் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்.

“இப்ப என்னக்கா பண்றீங்க?”

“என்ன பண்றதுங்க? ஒரு மாசம் நீங்க பட்ட பாட்டைப் பக்கத்துல உக்காந்து பாத்தவளுங்க நான். மொதப் பாடத்துல இருந்து ஆரம்பிச்சுட்டனுங்க. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு செத்த நேரம் அடிக்கறனுங்க. ரெண்டு வாரம் அழுகை வருமின்னு தெரியும். இது ரெண்டாவது வாரமுங்க.” சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். “புது மெஷின் வருதாமா, அடுத்த வருசம். வந்தா அந்த ஆபீஸ்ல அதுல அடிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்திதானுங்க.”

சார் டீ சொல்லப் படியிறங்கிப் போனார். நான் அக்காவின் கையை இழுத்து, சுண்டுவிரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். லேசாகச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.